சூப்பர்மேனுக்கு எத்தனை வயது? முக்கால் நூற்றாண்டு நடிகர் தேர்வும் முடியாத விவாதமும்

டிசி நிறுவனத்தின் படப்பிரிவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த ஜேம்ஸ் கன் 2022 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அடுத்து வரும் சூப்பர்மேன் படம் நாயகனின் வாழ்க்கையில் இன்னும் முந்தைய கட்டத்தைச் சொல்லப்போகிறது, ஆகவே ஹென்றி கேவில் அதில் நடிக்கமாட்டார் என்றார். கேவிலுக்கு அப்போது 39 வயது. அவருடைய இடத்துக்கு வந்த டேவிட் கோரன்ஸ்வெட்டுக்குப் படப்பிடிப்பு தொடங்கியபோது 30. படம் 2025 ஜூலையில் வெளியானபோது 32. 2013இல் 'மேன் ஆஃப் ஸ்டீல்' வந்தபோது கேவிலுக்கு வயது 30தான். 'முந்தைய கட்டம்' என்று வந்தவர், பழையவர் தொடங்கிய வயதைவிட இரண்டு வயது கூடுதலாகத் தொடங்கினார்.

செவ்வியல் சூப்பர் ஹீரோ ஒருவனாக நடிக்க ஏற்ற வயது எது என்ற கேள்வி புதிதல்ல. 1940களிலிருந்தே படத் தயாரிப்பாளர்கள் இதற்குச் செயலால் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். ரசிகர்கள் கோபத்தால் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நொண்டுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன் மூவரும் முதன்மைச் சான்றுகள். வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், வயது என்பது படமோ தொடரோ வெளியான நாளில் நடிகருக்கு இருந்த வயது.

மூலக்கதை என்ன சொல்கிறது?

மிகப் பழைய நிலைப்பாடு இது: காமிக்ஸில் நாயகனுக்கு என்ன வயதோ அதுவே நடிகருக்கும் இருக்கட்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காமிக்ஸ் ஒரே வயதைச் சொல்லவில்லை.

1938இல் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் வந்தபோது, அவனைப் படைத்த ஜெர்ரி சீகலுக்கும் ஜோ ஷூஸ்டருக்கும் தலா 23 வயது. கைக்குழந்தையாகப் பூமிக்கு வந்தவன் வளர்ந்து ஆளாகிறான் என்பதுதான் கதை. பிறந்த நாள் கணக்கெல்லாம் அதில் இல்லை. பின்னாளில் அவனுக்கு எப்போதும் 29 என்று வைத்துக்கொள்ளும் வழக்கம் ஆசிரியர் குழுவில் இருந்தது. 1996இல் அவனுக்கும் அவன் காதலி லோயிஸுக்கும் காமிக்ஸில் திருமணம் ஆனது; 2015இல் ஒரு மகனும் பிறந்தான். அதே 1996இல் வந்த 'கிங்டம் கம்' நரையோடிய சூப்பர்மேனைக் காட்டியது. பேட்மேன் கதை இன்னும் குழப்பம். ஃபிராங்க் மில்லர் 1986இல் எழுதிய 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' நூலில் புரூஸ் வெயினுக்கு 55. அதே மில்லர் அடுத்த ஆண்டு எழுதிய 'இயர் ஒன்' கதையில் 25. இரண்டுமே இன்று செவ்வியல் என்று கொண்டாடப்படுகின்றன. ஒரே எழுத்தாளர் ஓராண்டு இடைவெளியில் முப்பது வயது வித்தியாசம் காட்டும்போது, 'மூலத்துக்கு விசுவாசம்' என்ற வாதத்தைக் கொண்டு எந்த வயதையும் நியாயப்படுத்திவிடலாம்.

இதற்கான காரணத்தை உம்பெர்த்தோ எக்கோ 1962இல் எழுதிய சூப்பர்மேன் பற்றிய கட்டுரை ஓரளவு விளக்குகிறது. புராண நாயகன் மாறாதவன். நாவலின் நாயகனோ ஒவ்வொரு செயலிலும் தன் ஆயுளைச் செலவழிப்பவன். சூப்பர்மேன் இரண்டாகவும் இருந்தாக வேண்டும். இதழ்தோறும் புதுச் சம்பவம் வேண்டும், ஆனால் அவன் முதுமையை நோக்கி ஓர் அடியும் நகரக் கூடாது. அதனால் அக்கதைகளில் காலமே கலங்கிய கனவு போல ஆகிவிடுகிறது என்பது எக்கோவின் வாதம். காமிக்ஸ் ஓவியரால் இந்தத் தந்திரத்தை ஆண்டுக்கணக்கில் தொடர முடியும். கேமராவால் முடியாது. நடிகரின் கண்ணோரச் சுருக்கத்தை அது ஆண்டுதோறும் பதிவு செய்துகொண்டே போகிறது. திரையில் வயது ஒரு பிரச்சினையாக மாறுவது இந்த இடத்தில்தான்.

37இலிருந்து 26க்கு

பல நடிகர்களைக் கண்ட பாத்திரங்களில் சூப்பர்மேனின் கணக்குப் புத்தகமே தெளிவானது. 1948இல் திரையரங்கத் தொடர்படத்தில் முதன்முதலாக நடித்த கிர்க் அலினுக்கு 37. 1951இல் 'சூப்பர்மேன் அண்ட் தி மோல் மென்' படத்தில் வந்து, பிறகு தொலைக்காட்சியில் 1958 வரை பறந்த ஜார்ஜ் ரீவ்ஸுக்குத் தொடக்கத்தில் அதே 37. அதன் பின் ஒரு பெரிய பள்ளம். 1978இல் கிறிஸ்டோபர் ரீவ் 26. 1993இல் டீன் கெயின் 27. 2001இல் 'ஸ்மால்வில்' தொடரில் டாம் வெல்லிங் 24. 2006இல் பிராண்டன் ரூத் 26. 2016இல் டைலர் ஹெக்லின் 29. 1978க்குப் பின் வந்த முதன்மை நடிகர்கள் எல்லோரும் 24க்கும் 32க்கும் நடுவில் அடங்கிவிடுகிறார்கள்.

ஏன் இந்தச் சரிவு? பாத்திரம் இளமையாகவில்லை, வேலை மாறியது என்பதே ஏற்கத்தக்க விளக்கமாகப் படுகிறது. அலின் பறக்கும் காட்சிகளில் அவர் பறக்கவே இல்லை, கையால் வரைந்த அசைவோவியம்தான் பறந்தது. அன்றைய பார்வையாளர் பெரும்பாலும் குழந்தைகள். அவர்களுக்கு சூப்பர்மேன் நம்பத் தகுந்த பெரிய மனிதர், கிட்டத்தட்ட ஒரு சித்தப்பா. ரீவ்ஸின் முகத்தில் அந்த நிதானம் இருந்தது. 1978 படமோ லோயிஸுடனான காதலை நடுவில் வைத்தது. நடிகரைக் கம்பியில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படம் பிடித்தது. இரண்டுக்கும் இளம் உடல் தேவைப்பட்டது.

அப்படியிருந்தும் 1978இன் தேர்வு தொடக்கத்திலேயே இளைஞரை நோக்கிப் போகவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். ராபர்ட் ரெட்ஃபோர்டு, பால் நியூமன் போன்ற நட்சத்திரங்களைத்தான் முதலில் அணுகினார்கள். ரெட்ஃபோர்டு நாற்பதைத் தொட்டவர், நியூமன் ஐம்பதைக் கடந்தவர். கிறிஸ்டோபர் ரீவின் புகைப்படம் வந்தபோது வயது போதாது, உடல் மெலிவு என்று ஒதுக்கினார்கள். தேர்வான பிறகு டேவிட் பிரௌஸிடம் பயிற்சி பெற்று அவர் உடலை ஏற்றினார். கதைப்படி, பின்னாளில் சூப்பர்மேனாகும் கிளார்க் 18 வயதில் பனிக்கோட்டைக்குள் போகிறான், 12 ஆண்டு கழித்து வெளியே வருகிறான். ஆக சூப்பர்மேனுக்கு 30. படப்பிடிப்பு தொடங்கியபோது நடிகருக்கோ 24. பதின்பருவக் கிளார்க்காக ஜெஃப் ஈஸ்ட் நடித்தார். அவருக்குக் குரல் கொடுத்ததும் ரீவ்தான். முப்பது வயது மனிதனாக நம்மை நம்பவைத்தது அவருடைய வயதல்ல. லோயிஸின் வீட்டில் கண்ணாடியைக் கழற்றி, கூன் நிமிர்ந்து, குரலை இறக்கி, பிறகு மீண்டும் கிளார்க்காகச் சுருங்குகிற அந்தச் சில நொடிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்த நடிப்பை 24 வயதில் ஒருவர் கொடுத்துவிட்டதாலேயே 24 சரியான வயது என்று ஹாலிவுட் முடிவு கட்டியதோ என்ற ஐயம் எழுகிறது. ஒருவரின் திறமையை ஒரு வயதின் இயல்பாகப் படித்துவிடும் ஆபத்து இந்த விவாதம் முழுக்க இருக்கிறது.

பேட்மேனுக்கு முதிர்ந்த முகம்

பேட்மேன் பக்கம் வந்தால் கணக்கு வேறு. 1943இன் லூயிஸ் வில்சன் மட்டும் 23 வயதுக்காரர். பிறகு ராபர்ட் லவரி 35, ஆடம் வெஸ்ட் 37, மைக்கேல் கீட்டன் 37, வால் கில்மர் 35, ஜார்ஜ் குளூனி 36, கிறிஸ்டியன் பேல் 31, பென் அஃப்லெக் 43, ராபர்ட் பேட்டின்சன் 35. 1978க்குப் பிந்தைய சூப்பர்மேன் தேர்வுகளைவிட ஏறக்குறைய ஏழெட்டு வயது கூடுதல்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், பேட்மேன் பயிற்சியால் ஆனவன், பயிற்சிக்கு ஆண்டுகள் வேண்டும் என்பது. பாதி உண்மை. மீதிப் பாதி பணம் தொடர்பானது: புரூஸ் வெயின் பெரும் நிறுவனத்தை ஆளும் பணக்காரன், விருந்துகளில் வலம் வருபவன், இருபத்தைந்து வயதுக்காரனிடம் அது வாரிசுப் பையனின் திமிராகத் தெரியும் அபாயம் உண்டு. 1988இல் கீட்டன் பெயர் அறிவிக்கப்பட்டபோது ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். அவர் நகைச்சுவை நடிகர் என்பதும் தோற்றம் ஒத்துவராது என்பதும் புகார். வயது பெரும் புகாராக இல்லை. அஃப்லெக்கின் 43க்குத் திரைக்கதையே காரணம் தந்தது: கோதம் நகரில் இருபது ஆண்டு போராடிக் களைத்தவன் அவன். பேட்டின்சனோ கதைப்படி பேட்மேனாகி இரண்டாம் ஆண்டில் இருப்பவன். எட்டு வயது வித்தியாசமுள்ள இரு நடிகர்கள், கதையில் கிட்டத்தட்ட ஒரு தலைமுறை தள்ளி நிற்கிறார்கள். இருவரையும் பார்வையாளர் ஏற்றதற்கு அவரவர் கதை சொன்ன வயதோடு முகம் பொருந்தியதே காரணம் எனலாம்.

பொருந்தாமல் போனதற்கும் அதே குடும்பத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1995இன் 'பேட்மேன் ஃபாரெவர்' படத்தில் பெற்றோரை இழந்த ராபினாக வந்த கிறிஸ் ஓ'டானலுக்கு 24 வயது. அவரைப் பாதுகாவலராக ஏற்று வீட்டில் வைத்துக்கொள்ளும் கில்மருக்கு 35. மீசை முளைத்து வேலைக்குப் போகும் வயதில் ஒருவரை அநாதைப் பிள்ளையாக ஏற்கச் சொன்னால் அரங்கில் சிரிப்பு வரத்தான் செய்யும்.

உடலும் ஒப்பந்தமும்

தயாரிப்பு நிறுவனங்களின் பார்வையில் வயது என்பது ஒரு முதலீட்டுக் கணக்கு. ஒரு நடிகரோடு பத்தாண்டு போக வேண்டும். ஆகவே முப்பதில் பிடி, நாற்பதில் விடு. கிறிஸ் எவன்ஸ் கேப்டன் அமெரிக்காவாக 30 வயதில் வந்தார். ஒன்பது படத்துக்குக் கேட்ட ஒப்பந்தத்தை அவர் ஆறாகக் குறைத்துக்கொண்டார்; 37 வயதில் 'எண்ட்கேம்' படத்தோடு முடித்தார். கணக்கு கச்சிதமாக வேலை செய்த இடம் இது.

ஆனால் எவன்ஸ் விதிவிலக்கு. ரூத்துக்கு ஒரே படம். கில்மர், குளூனி ஆளுக்கொரு படம். ஸ்பைடர்மேனாக வந்த ஆண்ட்ரூ கார்ஃபீல்டு முதன்மை நாயகனாக இரண்டோடு நின்றார். கேவில் பத்தாண்டு காத்திருந்து பெரிய வேடத்தில் மூன்று படங்களே நடித்தார்; இளமை இருந்தது, படம் இல்லை. நீண்ட ஓட்டத்துக்காக இளைஞரைத் தேர்ந்தெடுத்த பல முயற்சிகளில் அந்த ஓட்டம் நடக்கவே இல்லை. மறுபக்கம், ராபர்ட் டவுனி ஜூனியர் 43 வயதில் அயர்ன் மேனாகத் தொடங்கிப் பதினோரு ஆண்டு ஓடினார். இந்தத் தொழிலின் ஆகப்பெரிய வெற்றி வரிசைக்கு அடிக்கல் நாட்டியவர், ஒப்பந்தக் கணக்குப்படி வாசலிலேயே நிறுத்தப்பட்டிருக்க வேண்டியவர்.

டவுனிக்கு ஒரு வசதி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அயர்ன் மேனின் உடல் இரும்புக் கவசம். அதில் பெரும்பகுதி கணினி வரைந்தது. சூப்பர்மேன் உடை அப்படியல்ல, தோலோடு ஒட்டியது. உடலை முன்வைக்கும் வாதம் இங்கேதான் வலுப்பெறுகிறது. சட்டையில்லாக் காட்சிக்கு முன் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி உடம்பை வற்ற வைத்ததாக ஹியூ ஜாக்மேனே சொல்லியிருக்கிறார். இருபத்தைந்தில் அதைத் தாங்குவதும் நாற்பத்தைந்தில் தாங்குவதும் ஒன்றல்ல. இருந்தாலும் அதே ஜாக்மேன் 2000இல் 31 வயதில் வுல்வரினாகத் தொடங்கி, 2024இல் 55 வயதிலும் அந்த நகங்களோடு நின்றார். உடல் வாதத்துக்கு எதிரான சான்றும் அவரே. செதுக்கிய தசை இந்தப் பாத்திரங்களுக்கு உண்மையிலேயே தேவையா என்பது தனிக் கேள்வி. ஜார்ஜ் ரீவ்ஸ் உடைக்குள் பஞ்சு வைத்துச் சமாளித்த காலத்திலும் குழந்தைகள் அவரை நம்பினார்கள்.

பள்ளிக்கூடச் சிக்கல்

ஸ்பைடர்மேன் விஷயத்தில் விவாதம் தலைகீழ். 1962இல் அறிமுகமான பீட்டர் பார்க்கருக்கு 15 வயது. திரையில் நிக்கோலஸ் ஹேமண்ட் 27, டோபி மெக்வயர் 26, கார்ஃபீல்டு 28. 2016இல் 19 வயது டாம் ஹாலண்டு வந்தபோதுதான் பள்ளி மாணவனாக ஒரு பள்ளி வயதுச் சாயல் கிடைத்தது என்று பலர் மகிழ்ந்தார்கள். நாற்பதைத் தாண்டிய நாயகர்கள் புத்தகத்தை மார்போடு அணைத்துக் கல்லூரிக்குப் போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கவலை விந்தையாகக்கூடத் தோன்றலாம். நம் படங்களில் வயது நட்சத்திரத்தைச் சேர்ந்தது. அங்கே உடைதான் நட்சத்திரம்.

ஆனால் 'பீட்டர் என்றால் பள்ளிப் பையன்' என்ற வாதமும் ஆழமில்லாதது. காமிக்ஸில் அவன் 1965இலேயே பள்ளி முடித்துவிட்டான். அறுபது ஆண்டுக் கதையில் முதல் மூன்று ஆண்டைத்தான் ரசிகர்கள் முழு பீட்டராகக் கொள்கிறார்கள். 2024இல் தொடங்கிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' இதழ் அவனை மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள முப்பதுகளின் ஆளாக எழுதி வரவேற்பும் பெற்றது.

குழந்தை வயதைப் பாத்திரத்தின் மையத்தில் வைப்பதன் விலையை 'ஷஸாம்' காட்டுகிறது. மந்திரச் சொல்லால் பெரியவனாக மாறும் 14 வயதுப் பையன் கதை அது. 2019இல் முதல் படம், 2023இல் இரண்டாவது. அதற்குள் பையனாக நடித்த ஆஷர் ஏஞ்சலுக்கு 20 வயது ஆகிவிட்டது. பையனே வளர்ந்துவிட்டான், பெரியவனாக நடித்தவர் மட்டும் பையன் போலக் குதித்துக்கொண்டிருந்தார். இளையவரைத் தேர்ந்தெடுத்தால் காலம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கை இங்கே முற்றிலும் பொய்த்தது.

பக்கத்தில் நிற்பவரின் வயது

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு உண்டு. திரையில் ஒருவரின் வயதை நாம் தனியாகப் படிப்பதில்லை. அருகில் நிற்பவரோடு ஒப்பிட்டே படிக்கிறோம். லோயிஸ் லேன் நடிகைகளைப் பார்த்தால் இது விளங்கும். மார்கோ கிட்டர், கிறிஸ்டோபர் ரீவைவிட நான்கு வயது மூத்தவர். டெரி ஹேச்சர், டீன் கெயினைவிட மூத்தவர். ஏமி ஆடம்ஸ், கேவிலைவிட ஏறத்தாழ ஒன்பது வயது மூத்தவர். எலிசபெத் டல்லக், ஹெக்லினைவிடக் கிட்டத்தட்ட ஏழு. ரேச்சல் பிராஸ்னஹன், கோரன்ஸ்வெட்டைவிட மூன்று. நாயகி நாயகனைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவராகவே இருக்க வேண்டும் என்று பழகிய ஹாலிவுட்டில் இது அபூர்வம்.

காரணம் பாத்திரத்திலேயே இருக்கிறது. கிளார்க் பத்திரிகை அலுவலகத்துக்குப் புதியவன். லோயிஸ் அங்கே பெயர் வாங்கியவள். இந்த ஒழுங்கு குலைந்த இடம் 2006இன் 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்'. கேட் பாஸ்வொர்த்துக்கு வயது 23. கதையில் அவருக்கு ஒரு சிறுவன் மகனாக இருக்கிறான், கையில் புலிட்சர் பரிசும் இருக்கிறது. விமர்சகர்கள் பலர் இங்கேதான் இடறினார்கள். ரூத்தின் 26 வயதும் அதனால் இன்னும் குறைவாகத் தெரிந்தது. நேர்மாறாக 'சூப்பர்மேன் அண்ட் லோயிஸ்' தொடரில் 33 வயது ஹெக்லின் 14 வயது இரட்டையருக்குத் தந்தை. எண்களை மட்டும் கூட்டிக் கழித்தால் இது இன்னும் இடிக்க வேண்டும். இடிக்கவில்லை. பக்கத்தில் டல்லக்கின் முதிர்ச்சி அவருக்கும் வயது சேர்த்தது. தூக்கம் கெட்ட தகப்பனின் அன்றாடத்தைத் திரைக்கதை பொறுமையாகச் சொன்னது.

நாயகிகளே தலைப்புப் பாத்திரமாக வரும்போது இந்தத் தாராளம் மறைகிறது. 1975இல் லிண்டா கார்ட்டர் 24 வயதில் வொண்டர் வுமன். 1984இல் ஹெலன் ஸ்லேட்டர் 20 வயதில் சூப்பர்கேர்ள். கேல் கேடட் முப்பதில் வந்தது இந்த வரிசையில் முதிர்ச்சி. டவுனிக்கு 43இலும், 'ஆன்ட்-மேன்' பால் ரட்டுக்கு 46இலும் திறந்த கதவு, டிசி, மார்வெல் நிறுவனங்களின் திரைப்படங்களில் பெண் நாயகிக்கு அதே வயதில் திறந்ததாகத் தெரியவில்லை. வொண்டர் வுமனோ கதைப்படி நூற்றாண்டுகளாக வாழ்பவள். வயதே இல்லாத பாத்திரத்துக்குக்கூட இளமையைக் கேட்பது கதையின் தேவை அல்ல என்று துணிந்து சொல்லலாம்.

முதுமையை எழுதியவர்கள்

நாயகன் முதுமையடையட்டும், அதையே கதையாக்குவோம் என்பது கடைசி நிலைப்பாடு. மில்லரின் 55 வயது பேட்மேனில் தொடங்கிய இந்தப் போக்கு, திரையில் 2017இன் 'லோகன்' படத்தில் உச்சம் தொட்டது. 48 வயது ஜாக்மேனின் தளர்ச்சியை மறைக்காமல் படம் அதையே பேசியது. 2012இல் பேல் தேய்ந்த முழங்காலோடு பேட்மேனாகத் திரும்பினார். 2023இல் 71 வயது கீட்டன் மீண்டும் அந்த முகமூடியை அணிந்தார்.

பலவீனம் ஒன்று இருக்கிறது. இந்த முதுமைக் கதைகள் அநேகமாக எல்லாமே விடைபெறும் கதைகள். அதுவும் ஏற்கனவே இளமையில் நாம் பார்த்த நடிகரின் முதுமை. பழைய நினைவுதான் பாதி வேலையைச் செய்கிறது. முன்பின் அறியாத ஐம்பது வயது நடிகரை அப்படி ஏற்போமா என்பதற்குச் சான்று மிகக் குறைவு.

வேறொரு தீர்வைக் காமிக்ஸ் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. ராணி காமிக்ஸ் வழியாக 'மாயாவி' என்று நாம் அறிந்த ஃபேண்டம், 1936இல் லீ ஃபாக் படைத்தவர், தந்தையிடமிருந்து மகனுக்கு முகமூடி கைமாறும் பரம்பரையில் 21ஆவது ஆள். வெளியுலகம் சாகாத ஒருவராக நினைக்கும்; உள்ளே ஆள் மாறிக்கொண்டே இருப்பார். நடிகர் மாற்றத்தையே கதைக்குள் கொண்டுவரும் இந்த ஏற்பாட்டை சூப்பர்மேன் படங்கள் தொட்டதில்லை. அவன் ஒருவனே என்பது அவனுடைய கதையின் உயிர்.

எஞ்சும் கேள்விகள்

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகளை எச்சரிக்கையோடு சொல்லலாம். கீழ் எல்லைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு: உலகம் நம்பி ஏற்கும் ஒருவனாக நிற்க வேண்டிய பாத்திரங்களில், இருபதுகளின் முன்பாதியில் இருப்பவர் அரிய நடிப்பாற்றல் இல்லாமல் தேற மாட்டார். 28 முதல் 35 வரை சூப்பர்மேனுக்கு வசதியான பரப்பு. பேட்மேனுக்கு அது நாற்பதுகளுக்குள்ளும் நீளும். பள்ளிக்கூட பீட்டருக்கு இருபதுக்குள். ஆனால் இந்த எண்களைவிட, திரைக்கதை சொல்லும் வாழ்க்கை அந்த முகத்தில் நம்பும்படி இருக்கிறதா, பக்கத்தில் நிற்பவர் அதை உயர்த்துகிறாரா தாழ்த்துகிறாரா என்பவையே வெற்றி தோல்வியை அதிகம் விளக்குகின்றன.

மேல் எல்லைக்கு முன்வைக்கப்படும் காரணங்கள் எனக்கு அவ்வளவு வலுவானதாகப் படவில்லை. ஒப்பந்தக் கணக்கு பலமுறை பொய்த்திருக்கிறது. உடலின் கணக்கை ஜாக்மேன் உடைத்துவிட்டார். முகத்தில் இளமை கூட்டவும் குறைக்கவும் கணினி வந்துவிட்ட காலத்தில் அந்த எல்லை எங்கே நகரும் என்பதும் திறந்த கேள்வி. பெண் நாயகிகளுக்கான எல்லை ஏன் பத்து ஆண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது என்பதைத் தயாரிப்பாளர்கள்தான் விளக்க வேண்டும். முப்பத்தேழு வயதில் சூப்பர்மேனாகத் தொடங்குவது சரிவராது என்று சொல்பவர்கள், அது சரிவந்த இரண்டு பழைய சான்றுகளையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஜார்ஜ் ரீவ்ஸுக்குப் பிறகு இன்றுவரை, 35 வயதைக் கடந்த ஒருவரைப் புதிதாக அந்த வேடத்தில் முதன்மை நாயகனாக்கி ஹாலிவுட் ஒரு படம்கூட எடுத்துப் பார்க்கவில்லை.